ஆறாவது அத்தியாயத்தில் இருக்கிறதாம்

நான் வேலையில் இருந்தவரை என் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தடை இருந்தது. "டாக்ஸ்ல எழுதியிருக்கே" என்பது, அதாவது ஆவணத்தில் எழுதியிருக்கிறதே என்பது, அந்த வாக்கியம். யாராவது மறந்துபோய்ச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான். அந்த அம்மாவுக்குக் கிறுக்கு என்று கேன்டீனில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். கிறுக்கு இல்லை, கோபம். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லாமலே ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதுகிறேன். நம் ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், வாசிக்கத்தான் திணறுகிறீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். நான்காவது வரியிலேயே அது ஆபீஸ் மின்னஞ்சலாகிக் குழைய ஆரம்பித்துவிட்டது. எனக்குக் குழைய மனமில்லை.

வாஷியில் நம் நிறுவனம் செய்வது என்ன? மற்றவர்களுடைய மென்பொருளிலிருந்து போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தருகிறோம். எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமர் அந்தச் சேவையைத் தன் மென்பொருளோடு இணைக்க வேண்டும். எப்படி இணைப்பது என்று அவருக்குச் சொல்லும் பக்கங்களை எழுதுவதுதான் நம் வேலை. அவர் நம்மைப் பார்க்கப் போவதில்லை, நாம் அவரைப் பார்க்கப் போவதில்லை. நடுவில் அந்தப் பக்கம் மட்டும்தான்.

நான் பொறுப்பேற்றபோது அந்தப் பக்கங்களை ஒழுங்குபடுத்தியதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஒன்பது அத்தியாயம். ஏன் ஒன்பது? கம்பெனியில் ஒன்பது குழு இருந்தது. கணக்கு திறக்கும் குழுவுக்கு ஓர் அத்தியாயம், செய்தி அனுப்பும் குழுவுக்கு ஓர் அத்தியாயம், அறிக்கை தயாரிக்கும் குழுவுக்கு ஓர் அத்தியாயம். அவரவர் விஷயத்தை அவரவர் அத்தியாயத்தில் சொல்லிவிட்டால் சண்டை இல்லை. வாசிக்கிறவருக்கு எது எப்போது தேவைப்படும் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த அறை என்று விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டதென்னவோ குடிக்கத் தண்ணீர்.

இன்னொரு பெருமையும் உண்டு. முதல் பக்கத்தில் மாதிரி நிரல் ஒன்றை வைத்து, வாசிக்கிறவர் அங்கேயே அதை இயக்கிப் பார்க்கும்படி ஒரு ரன் பட்டன் வைத்தேன். அழுத்தினால் கீழே பச்சை எழுத்தில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். அப்போது அது புதுமை. எல்லோரும் கைதட்டினார்கள். விற்பனைப் பிரிவு மட்டும் ஒரு விஷயம் கேட்டது. புதிதாகக் கணக்கு திறந்தவருக்கு நாம் முதலில் தருவது சோதனைக் கணக்கு. அதிலிருந்து போகும் செய்தி, கணக்கு திறந்தவர் பதிவுசெய்த தன் சொந்த எண்ணுக்கு மட்டும்தான் சேரும். வேறு எந்த எண்ணைப் போட்டாலும் நாம் அதை ஓசைப்படாமல் கீழே போட்டுவிடுவோம். அப்போதும் அதே பச்சை 'அனுப்பப்பட்டது' வரட்டுமே, முதல் தடவையிலேயே ஏன் முகத்தைச் சுளிக்க வைக்க வேண்டும் என்றார்கள். சரி என்றேன். உண்மையை ஆறாவது அத்தியாயத்தில், 'கணக்கு வகைகள்' என்ற தலைப்பின் கீழ், இலக்கணப் பிழை இல்லாத ஒரு வாக்கியமாக எழுதி வைத்தேன். எழுதியது நான். இதை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் நான் மறக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலிருந்து ஓர் அழைப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். "இந்த ஆள் முதல் பக்கத்தை எழுதினவங்களோடதான் பேசுவேன்கறார் மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

"மேடம், என் பேரு இசக்கிராஜ். தாராவியிலேர்ந்து பேசுதேன்" என்றது குரல். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம். "உங்க சர்வீஸு எல்லாத்துக்கும் 'அனுப்பப்பட்டது'ன்னு காட்டிருக்கு. ஒருத்தருக்கும் போவல. நான் எங்க தப்பு பண்ணுனேன்? அத மட்டும் சொல்லுங்க."

"நிதானமா சொல்லுங்கோ. யாருக்கு அனுப்பினேள்?"

அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். செம்பூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையம். அவர்களுடைய நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை இசக்கிராஜ்தான் எழுதிக் கொடுத்திருந்தார். தொடங்கி இரண்டே வாரம். சின்னப் பட்டியல் என்பதால் இலவச அளவுக்குள்ளேயே அடங்கிவிட்டது, எந்தத் தடையும் குறுக்கே வரவில்லை. தினசரி நினைவூட்டல்கள் போகாததையும் யாரும் கவனிக்கவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குத் தன் முறை எந்த நாள் என்று யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை அல்லவா?

அந்தத் திங்கட்கிழமை மையத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கெட்டுப்போனது. மறுநாள் காலை முறைக்காரர்கள் எல்லோரும் வாஷியில் இருக்கும் இன்னொரு மையத்துக்குப் போகவேண்டும் என்று செய்தி அனுப்பினார்கள். திரை முழுக்கப் பச்சை. செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் வழக்கம்போல் செம்பூருக்கே வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். சிலர் போன் செய்து விசாரித்து வாஷிக்கு ஓடினார்கள். டிராம்பேயிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், மூடியிருக்கிறது, திறந்தால் சொல்லியனுப்புவார்கள் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார். வியாழக்கிழமை விடியும்போது மூச்சுவிட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார்.

"சென்டர்ல எல்லாரும் என்னைத்தான் கேக்காவ. அவரு மவன் வந்து எங் கடை வாசல்ல நிக்காரு மேடம். நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?"

"உங்க கணக்கு எண்ணைச் சொல்லுங்கோ" என்றேன். பார்த்தேன். சோதனைக் கணக்கு.

இது காலை பத்து மணி. பன்னிரண்டு மணிக்குள் கூட்டம் கூடிவிட்டது. நம் பிரிவுக்கு அப்போதிருந்த தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயம் வந்தால் நல்ல மனிதர்களுக்கும் முதலில் வாயில் வருவது ஒரே வாக்கியம். "லிக்கா ஹை நா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எழுதியிருக்கிறது இல்லையா? அவ்வளவுதான் அவருடைய கேள்வி. மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் என் தலை அசைவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஆறாவது அத்தியாயத்தைத் திறந்தேன். நானே எழுதிய வாக்கியத்தை நானே தேட வேண்டியிருந்தது. மேலும் கீழும் உருட்டினேன். மூன்றாவது பத்தியின் கடைசியில், எழுத்துகள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்க, அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. "இருக்கு" என்றேன். அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் கடிதம் தயார். டயாலிசிஸ் மையத்துக்கு எழுதியது. சோதனைக் கணக்கின் வரம்புகள் எங்கள் ஆவணத்தில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளன, உங்கள் புரோகிராமர் அதைப் படிக்காமல் செயல்பட்டிருக்கிறார் என்று. ஆவணத்துக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குள். "சிர்ஃப் ஏக் ஸைன்" என்றார் தலைவர். ஒரே ஒரு கையெழுத்துதானாம்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஓய்வுக்கு இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், மேலோட்டமாகப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பேனாவையும் கையில் எடுத்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. படிக்காமல் செயல்பட்டிருக்கிறார் என்ற இடத்தில் கண் நின்றது. படிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? யாராவது போய்ப் பார்த்தோமா? கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கீழே பை தைக்கும் பட்டறை. ஏணி மாதிரி செங்குத்தான படி ஏறினால் மேலே அவருடைய அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். இசக்கிராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வரவில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு எப்படிச் செஞ்சேளோ அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

அவர் முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். எங்கள் முதல் மூன்று அத்தியாயங்கள், அச்செடுத்து, துளை போட்டுக் கோத்தவை. கடினமான ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் இந்தியில் பொருள் எழுதியிருந்தார். படிக்காமல் செயல்பட்டவர்! என் பையில் இருந்த கடிதம் எனக்குக் கனத்தது.

பிறகு முதல் பக்கத்தைத் திறந்தார். மாதிரி நிரலைக் காப்பி செய்தார். அவர் கணக்குக்கு நாங்கள் கொடுத்த சாவி எண்ணை உரிய இடத்தில் ஒட்டினார். தன் எண்ணைப் போட்டார். ரன். பச்சை. மேஜைமேல் இருந்த அவருடைய போன் சிணுங்கியது.

"வந்துட்டு பாத்தீயளா" என்றார். "பராபர், சரியா வருது மேடம். என் போனுக்கு வந்ததப் பாத்துத்தான அவங்களுக்குக் குடுத்தேன். இதுக்கு மேல நான் என்ன செஞ்சு பாத்திருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

சொந்தப் போனில் சோதித்துப் பார்ப்பதைத்தான் எந்தப் பொறுப்பான புரோகிராமரும் செய்வார். அவர் சோதிக்கக்கூடிய ஒரே எண்ணில் மட்டும் நாங்கள் உண்மை பேசினோம். மற்ற எல்லா எண்ணிலும் பொய் சொன்னோம். மூன்று அத்தியாயம் படித்து, செய்தியும் வந்துவிட்டது என்றால், 'கணக்கு வகைகள்' என்று தலைப்புப் போட்ட ஆறாவது அத்தியாயத்துக்கு ஒரு மனிதன் எதற்குப் போவான்? தவறு எங்கே என்று காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தவறு, பச்சை எழுத்தில், அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. வைத்தது நான்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை" என்றேன். "நான்தான் பண்ணினேன்."

அந்த அறையிலேயே உட்கார்ந்து வேறொரு கடிதம் எழுதினேன். இசக்கிராஜ் எங்கள் பக்கத்தில் சொன்னபடியே செய்தார், போகாத செய்தியை எங்கள் சேவை போனதாகச் சொன்னது, எங்கள் ஆவணம் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை என்று மூன்று வாக்கியம். மையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தலைவருக்கு நகல் வைத்தேன். மூன்றே முக்கால் மணி. என் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் எனக்கு விழுந்த வசவை விவரிக்க மாட்டேன். கம்பெனியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனாம். பதவி போனது. பிரிவின் பொறுப்பைப் பிடுங்கி, 'மூத்த ஆலோசகர்' என்று ஒரு பெயரைக் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். நீங்கள் கேள்விப்பட்ட கிறுக்கு அம்மாள் அங்கிருந்துதான் தொடங்குகிறாள். ஆனால் மையம் இசக்கிராஜைக் கைவிடவில்லை. பெரியவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். பிழைக்காமல் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், எழுதக் கை வந்திருக்காது.

பொறுப்பைப் பிடுங்கினாலும் முதல் பக்கத்தைத் திருத்த வேறு யாரும் முன்வரவில்லை, எல்லோருக்கும் அதைத் தொடப் பயம். நான் தொட்டேன். ஒன்பது அத்தியாயத்தையும் கலைத்தேன். எங்கள் அத்தியாயம் எங்கே என்று ஒன்பது குழுவும் சண்டைக்கு வந்தது. உங்கள் பெயர் வாசிக்கிறவருக்கு எதற்கு என்று கேட்டேன். முதல் செய்தி அனுப்புவது, அது உண்மையிலேயே சேர்ந்ததா என்று பார்ப்பது, சேராவிட்டால் என்ன செய்வது என்று, அவர் கை போகிற வரிசையிலேயே பக்கங்களை அடுக்கினேன். ஒவ்வொரு பக்கத்தையும் வெளியிடும் முன் வெளியாள் ஒருவர் அதை வைத்து வேலை செய்ய வேண்டும், எழுதியவர் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். முதல் வெளியாள் இசக்கிராஜ். அவர் திணறிய இடமெல்லாம் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.

மாதிரி நிரலில் இரண்டு எண் கேட்கும்படி மாற்றினோம். ஒன்று உங்கள் எண், இன்னொன்று யாருடைய எண்ணாவது. ரன் அழுத்தினால் முதல் எண்ணுக்கு எதிரே பச்சை. இரண்டாவதற்கு எதிரே சிவப்பில் ஒரு வரி: 'இந்த எண்ணுக்குச் செய்தி போகவில்லை. உங்கள் கணக்கு இன்னும் சோதனைக் கணக்கு.' எங்கே போய் மாற்றுவது என்ற வழியும் அதன் கீழேயே. முதல் பக்கத்திலேயே தோல்வியைக் காட்டுகிறாயே என்று விற்பனைப் பிரிவு குதித்தது. குதிக்கட்டும் என்று விட்டேன். ஓய்வுபெறும் நாள்வரை அந்தச் சிவப்பு வரியைக் காவல் காத்தேன்.

போன வாரம் திலக் நகரில் என் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது இசக்கிராஜ் கூப்பிட்டார். இப்போது என்னை அக்கா என்கிறார்.

"அக்கா, மொத பக்கத்த மாத்திட்டாவளா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"புதுசா ஒரு கிளினிக்குக்கு வேலை. சும்மா தொறந்து பாத்தேன். அந்தச் செவப்பு வரியக் காணும். ரெண்டு நம்பர் கேக்கல, ஒண்ணுதான் கேக்கு. எதப் போட்டாலும் பச்சைதான்." பிறகு சொன்னார்: "என் பேரு அதுல இல்ல, வாஸ்தவம். ஆனா அந்த வரி என்னோடதுக்கா."

கத்தியை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. பக்கம் அழகாக இருக்கிறது. நல்ல வண்ணம், நல்ல எழுத்து, ரன் பட்டன் அழுத்தினால் பச்சை லேசாக மின்னுகிறது. சிவப்பு வரியில் இருந்த விஷயம் 'கணக்கு மேலாண்மை' என்ற பக்கத்துக்குக் குடிபோயிருக்கிறது. பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். ஆறாவது. உங்களில் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். யார் என்று இங்கே சொல்லவில்லை. முதல் அனுபவம் இனிமையாக இருக்க வேண்டும் என்று மேலிருந்து சொன்னார்களாம். பிறகு அவர் என்னிடமே, எனக்கே, சொன்னார்: "அது டாக்ஸ்ல எழுதியிருக்கே மேடம்."

உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று உங்கள் யாருக்கும் நான் சொல்லி வைக்கவில்லை. என் தப்பு வெளியே தெரியுமே என்ற வெட்கத்தில் வாக்கியத்துக்குத் தடை போட்டேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. ஆவணம் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவள், எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன். இனிமேல் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். சோதனைக் கணக்கு ஒன்று திறந்து, அந்த அழகான முதல் பக்கத்துக்குப் போங்கள். என் எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அதைப் போட்டு, ரன் அழுத்துங்கள். பச்சை மின்னும். இங்கே நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டிராம்பேப் பெரியவர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த மாதிரி. செய்தி வந்ததா என்று என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தச் சிவப்பு வரியை இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள்.